லீவு எடுத்த கிணறு

அத்தியாயம் 14

"பாஸ், ஒரு கிணறு லீவு எடுக்குமா?"

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்திவிட்டுப் பட்டாசு கேட்டாள். பத்து வருஷம் நீதிமன்றத்தில் வாக்குமூலம் தட்டச்சு செய்தவள் அவள். அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பதால் சேர்த்து வைத்ததையெல்லாம் இங்கே கொளுத்திப் போடுகிறாள் என்று ஊசி சொல்லுவார். அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

ஊசி நிமிரவில்லை. மாலை மூன்று மணி விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எந்த வழக்கைத் தொட்டாலும் குத்தி உள்ளே இறங்கிப் பார்க்கும் துப்பறிவாளர் என்று பத்திரிகைக்காரர்கள் அவருக்குக் கொடுத்த பெயர் ஊசி. வெளியே வேண்டாம் என்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பிடிக்கும்.

"வேலையைப் பாரும்மா. ரிப்போர்ட்ல இன்னும் எத்தனை பக்கம்?"

"அட்டவணை மட்டும்தான் பாக்கி. ஆனா இந்த அட்டவணை என்னைப் பார்த்துச் சிரிக்குது பாஸ்."

ஒரு மாதம் முன்பு அரசு நிலவியல் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டர் ஊசியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய சதுப்பு நிலம். கோரைப்புல், மீன், பறவை என்று ஆயிரம் உயிர் அதை நம்பி இருக்கின்றன. அது நிலத்தடி நீரை நம்பி இருக்கிறது. அதன் ஓரத்தில் ஓர் ஆலை. தற்காலிகமாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கு நிரந்தர அனுமதி கேட்டது அந்த ஆலை. அந்த அனுமதிக்கான விசாரணையில், தண்ணீர் குறைகிறதா இல்லையா என்று ஆராய்ச்சி நிலையம் சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சதுப்பு ஓரத்தில் இருக்கும் பதினேழாம் நம்பர் கண்காணிப்புக் கிணற்றைப் பற்றி நிலையத்திடம் இரண்டு பதிவுகள் இருந்தன. இருபத்துநாலு வருஷமாகக் கிணறு கிணறாகப் போய் நாடா விட்டு அளந்து எழுதுகிற ஊழியர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரை அளவுகாரர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர் முக்கால் மீட்டர் இறங்குகிறது, புதன்கிழமைக்குள் ஏறிவிடுகிறது என்றது அவருடைய நோட்டு. கிணற்றுக்குள் தொங்கும் சென்சாரோ, ஒன்றும் இறங்கவில்லை, மட்டம் அப்படியே இருக்கிறது என்றது. இரண்டில் ஒன்று பொய்.

ஒன்பதே நாளில் ஊசி தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனுஷன் பொய். மெஷின் மெய். முப்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அளவுகாரரை எழுப்பி நிறுத்தி, "இத்தனை வருஷமா இவர் கிணத்துக்குள்ள விட்டது டேப் இல்லைங்க, ரீல்!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மறுநாள் பத்திரிகையில் 'ரீல் விட்ட அளவுகாரர்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அந்த வாரமே அவருக்கு சஸ்பென்ஷன்.

அந்தத் துண்டுச் செய்தியை ஊசி கத்தரித்து வைத்திருந்தார்.

"என்ன சிரிக்குது? சொல்லு."

"நீங்க தண்ணி மட்டம் இருக்கிற பத்தியை மட்டும்தான் பாத்தீங்க. அதுக்குப் பக்கத்துல தண்ணியோட சூடுன்னு ஒரு பத்தி இருக்கு. அறுபது மீட்டர் ஆழத்துல இருக்கிற தண்ணியோட சூடு மாறுமா பாஸ்?"

"மாறாது. வெயிலும் மழையும் அங்க எட்டாது. வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கும்."

"அப்போ இங்க ஏன் தினமும் காலைல பத்து மணிக்கு மேல இறங்குது? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஏறுது?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஊசி வந்தார். அவள் விரலால் திரையில் கோடு போட்டுக் காட்டினாள். திங்கள் இறங்கி ஏறியது. செவ்வாய் இறங்கி ஏறியது. வெள்ளி, சனி வரை அதே கதை. ஞாயிறு மட்டும் இறங்கவேயில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆனா இந்தக் கிணறு வேலைக்கு வரல. அரசாங்க உத்தியோகம் போல."

"தற்செயலா இருக்கும்."

"அப்படியா? இதைப் பாருங்க. பதினாலாம் தேதி, புதன்கிழமை. காலைல ஒழுங்கா இறங்கியிருக்கு. மத்தியானம் ஒரு மணிக்கே ஏற ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கு என்ன விசேஷம்னு நிலையத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். பழைய டைரக்டர் ஒருத்தர் இறந்துட்டாராம். அரை நாள் லீவு." அவள் நாற்காலியைத் திருப்பினாள். "கிணறும் துக்கம் அனுசரிச்சிருக்கு பாஸ்."

வேறு நாளாக இருந்தால் ஊசி சிரித்திருப்பார். இப்போது திரைக்கு அருகே குனிந்தார். ஆபீஸ் திறந்தால் குளிர்கிறது, மூடினால் சூடாகிறது. அப்படிப்பட்ட தண்ணீர் நிலத்துக்கு அடியில் கிடையாது. ஏசி போட்ட அறையில்தான் இருக்கும்.

சென்சார் கிணற்றிலேயே இல்லை.

அவருக்குக் காது இரண்டும் சூடாகின. இந்த அட்டவணை ஒரு மாதமாக அவருடைய மேஜையில் கிடந்தது. பக்கத்துப் பத்தியைப் பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு டீ குடிக்கும் நேரம்.

"கிளம்பு" என்றார். சட்டை பாதி இஸ்திரியோடு அப்படியே கிடந்தது.

•

"டைரக்டர்தான் பாஸ்" என்றாள் பட்டாசு காரில். "ஆலைக்காரங்களுக்கும் அவருக்கும் ஏதோ இருக்கு. சென்சாரைக் கழட்டித் தன் ரூம்லயே ஒளிச்சு வெச்சிருப்பார். என்ன பந்தயம்?"

குற்றவாளி டைரக்டராக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஊசிக்கும் தோன்றியது. பெரிய ஆள் ஏமாற்றினான் என்றால் ஏமாந்தவனுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அப்படி நினைத்ததற்காகவும் அவர் கூசினார்.

டைரக்டரின் அறைக்குள் நுழைந்ததுமே பந்தயம் தோற்றுப்போனது. ஜன்னல்கள் அகலத் திறந்திருந்தன. மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. டைரக்டர் கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அதைப் பாக்காதீங்க" என்றார், சுவரில் இருந்த ஏசியைக் காட்டி. "அது செத்து எட்டு மாசம். புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். நான் ரிட்டையர் ஆனதும் வரும்."

"கட்டடத்துல வேற எங்கெல்லாம் ஏசி ஓடுது?" என்று கேட்டார் ஊசி.

"பாறை சாம்பிள் எல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்களே, அங்க?" என்று பட்டாசு எடுத்துக் கொடுத்தாள்.

"பாறைக்கு எதுக்கும்மா ஏசி? அது பல கோடி வருஷமா வெயில்ல கிடந்தது. கருவி அறை ஒண்ணுலதான் ஓடுது. எதுக்குக் கேக்கறீங்க? மூணு மணிக்கு விசாரணை. உங்க ரிப்போர்ட்தான் நமக்கு..."

ஊசி அதற்குள் வராந்தாவில் இருந்தார்.

கருவி அறை பின்கட்டில் இருந்தது. கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர், மெலிந்த உடம்பு, மேஜையில் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். கருவிப் பிரிவின் பொறுப்பு விஞ்ஞானி. ஊசியைப் பார்த்ததும் எழுந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. இரும்பு பீரோவை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

பீரோவுக்குப் பின்னால், சுவரோடு சேர்த்துக் கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. வாய் வரை தண்ணீர். உள்ளே கறுப்பு ஒயரில் விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் தொங்கிக்கொண்டிருந்தது.

"பதினேழாம் நம்பர் கிணறா?" என்று கேட்டார் ஊசி.

"ஆமா சார்."

பட்டாசு வாயைத் திறந்தாள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"மூணு மாசம் முன்னாடி கிணத்துல இருந்த சென்சாரைச் சுத்தம் பண்ண வெளிய தூக்கினேன்" என்றார் விஞ்ஞானி. சொல்லிச் சொல்லிப் பார்த்து மனப்பாடமானவர் போலப் பேசினார். "தனியாப் போனேன். தனியாத் தூக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அந்த விதியை எழுதினதே நான்தான். இணைப்பு விட்டுப்போய் சென்சார் அடியில விழுந்துருச்சு. புதுசு வர நாலு மாசம் ஆகும். சோதனைக்கு வெச்சிருந்த இன்னொண்ணை இந்தக் குழாய்ல போட்டு, கிணத்தோட ஆழத்தைக் கணக்குல கூட்டி விட்டேன். கம்ப்யூட்டர்ல கோடு அறுந்து போகாம இருக்கட்டும்னுதான். ரெண்டு வாரத்துல சொல்லிடலாம்னு இருந்தேன்."

"அளவுகாரர் நோட்டைக் கொண்டு வந்து காட்டினப்போ?"

"அவர் எழுதினது சரின்னு இந்தக் கட்டடத்துலயே தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான் சார். டைரக்டர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தார். எனக்கு நாக்கு எழல."

"நான் வந்தேனே. என்கிட்டயாவது..." ஊசியின் குரல் உயர்ந்தது. கோபம் வந்ததில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

"உங்ககிட்ட வந்தேன் சார்."

"எப்போ?"

"நீங்க வந்த முதல் நாள். உங்களுக்குக் கொடுத்திருந்த ரூம் வாசல்ல வந்து நின்னேன். 'சென்சாரைப் பத்திக் கொஞ்சம் பேசணும்'னு சொன்னேன். நீங்க ஃபைல்ல இருந்து தலையைத் தூக்கல. 'மெஷினுக்கு என்னங்க, அது பொய் சொல்லாது. நீங்க போய் வேலையைப் பாருங்க'ன்னீங்க." விஞ்ஞானி தரையைப் பார்த்தார். "ராத்திரி பூரா மனசைத் தேத்திக்கிட்டு வந்திருந்தேன். ரெண்டாவது தடவை என்னால முடியல."

ஊசிக்கு ஞாபகம் வந்தது. முகம் ஞாபகம் இல்லை. வாசலில் ஒரு நிழல், ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, தொந்தரவு செய்கிறானே என்ற எரிச்சல், இவைதான் ஞாபகம் வந்தன. குற்றவாளி தானாக வந்து கதவைத் தட்டியிருக்கிறான். துப்பறிய வந்தவர் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நனைந்துபோன பட்டாசு போல அவள் மூலையில் நின்றாள்.

"மூணு மணிக்கு வந்து இதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார் ஊசி.

"நீங்க என்னைப் பிடிச்சுட்டுப் போறீங்களா?"

"இல்ல. நீங்களா வரணும்."

வெளியே வந்து காரின் கதவைத் திறந்தபோது பட்டாசு மெதுவாகச் சொன்னாள்: "பாவம் பாஸ். பயந்துட்டார்."

"அவன் பயந்து தப்புப் பண்ணினான். நான் பயமே இல்லாம பண்ணினேன்."

•

அளவுகாரரின் வீடு ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. வாசலில் அவருடைய மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்த்ததும் கையில் இருந்த துண்டை இரண்டு முறை உதறினார்.

"வாங்க. ரீல் வீடு எதுன்னு கேட்டுத்தானே வந்தீங்க? இப்ப அப்படிக் கேட்டாத்தான் எல்லாருக்கும் தெரியுது."

"அம்மா, நான்..."

"எங்க பொண்ணு வேலை பாக்குற இடத்துல அந்தப் பேப்பரை ஒட்டி வெச்சிருந்தாங்களாம். அவ வந்து அப்பாகிட்ட சொல்லல. என்கிட்ட சொல்லி அழுதா."

ஊசிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முப்பது வருஷமாக எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். திருடன் வீட்டு வாசலில் நின்றபோதுகூட இப்படிக் கூனிக் குறுகியதில்லை. "தப்பு என்னுது. அவர் எழுதினது எல்லாம் சரி. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அந்த அம்மாள் துண்டைக் கொடியில் போட்டு, இழுத்துச் சரிசெய்தார்.

"சஸ்பெண்ட் ஆனவர் வீட்டுலதானே இருக்கணும்? இல்ல. கிணத்துக்குப் போயிருக்கார்."

சதுப்பு நிலத்துக்குப் போகும் மண்பாதையில் கார் பாதி தூரம்தான் போனது. மீதியை நடந்தார்கள். கோரை ஓரங்களில் பழுத்திருந்தது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் சேறு வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தது. மிச்சம் இருந்த ஒரு குட்டையில் சின்ன மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. ஒரு மாதத்தில் ஊசி இங்கே வருவது இதுதான் முதல் தடவை. வழக்கை அவர் மேஜையிலேயே முடித்திருந்தார்.

பதினேழாம் நம்பர் கிணறு என்பது தரைக்கு மேல் முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் குழாய். அதன் பக்கத்தில் அளவுகாரர் மண்டியிட்டிருந்தார். எஃகு நாடாவின் நுனியில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, குழாய்க்குள் மெல்ல இறக்கினார். சுண்ணம் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர். அதுதான் கணக்கு.

"ஐயா" என்றார் ஊசி.

"இருங்க."

நாடா மேலே வந்தது. நனைந்த இடத்தைப் பார்த்தார். துடைத்து, மறுபடியும் சுண்ணம் பூசி, மறுபடியும் இறக்கினார். இரண்டு தடவையும் ஒரே எண் வந்த பிறகுதான் நோட்டில் எழுதினார். அதுவரை ஊசி வெயிலில் நின்றார்.

"நேத்து ஞாயிறு. பத்தொன்பது மீட்டர் பதிமூணு சென்டி ஆழத்துல தண்ணி" என்றார் அளவுகாரர், யாரிடமோ சொல்வது போல. "இன்னிக்குப் பத்தொன்பது மீட்டர் ரெண்டு சென்டி. ஏற ஆரம்பிச்சிருக்கு. அதிகாரிங்க வராத நாளாப் பாத்து இறைக்கறாங்க. சனி ராத்திரி ஆரம்பிச்சா திங்கள் விடியற வரைக்கும் மோட்டார் நிக்காது."

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே?" என்று கேட்டாள் பட்டாசு.

"தண்ணி இறங்குதுன்னு சந்தேகம் வந்தப்புறம் எப்படிம்மா வீட்ல உக்காருறது? டேப்பைப் பிடுங்கிட்டாங்க. இது என் சொந்த டேப். கிணத்து மூடிச் சாவியை யாரும் கேக்கல." அப்புறம்தான் ஊசியை நேராகப் பார்த்தார். "சொல்லுங்க."

ஊசி சொன்னார். தண்ணீரின் சூடு, ஏசி அறை, கண்ணாடிக் குழாய், விஞ்ஞானி, முதல் நாள் வாசலில் வந்து நின்றது, எல்லாவற்றையும் சொன்னார். எதையும் அழகுபடுத்தவில்லை. சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சிடுங்க. அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். அப்படி ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாமப் பண்ணிடறேன்" என்றார்.

"கிழிக்கக் கூடாது."

"இல்லைங்க, உங்களைப் பத்தி அதுல..."

"கிழிக்கக் கூடாதுங்க." அளவுகாரர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். ஓர் எண்ணின் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் வேறு எண். அதன் கீழே கையெழுத்து. "நானும் தப்பா எழுதியிருக்கேன். தப்பானா அழிக்க மாட்டோம், பக்கத்தைக் கிழிக்க மாட்டோம். மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிற தப்பு என்னன்னு படிக்கிற மாதிரித் தெரியணும். சரியானதைப் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும். கிழிச்ச நோட்டை அப்புறம் எவன் நம்புவான்?"

ஊசி தலையாட்டினார். பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தெரிந்தும் கேட்டார்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னதுக்கு?"

அளவுகாரர் நாடாவைச் சுற்றத் தொடங்கினார். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கிணறு அளக்கறவன்."

•

மூன்று மணி விசாரணையில் ஆலையின் வக்கீல் முதலில் எழுந்தார். ஆராய்ச்சி நிலையமே அழைத்து வந்த பிரபல துப்பறிவாளரின் அறிக்கையைப் படிக்கலாமா என்று கேட்டார். விசாரணை அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "சம்பந்தப்பட்டவரே இருக்காரே. அவரே படிக்கட்டும்" என்றார்.

ஊசி எழுந்தார். போன தடவை இருந்த அதே ஆட்கள்தான் பெரும்பாலும். பின்வரிசையில் கதவோரமாக அளவுகாரர். சட்டை முழங்கையில் சேறு காய்ந்திருந்தது.

"இந்த அறிக்கை தப்பு" என்றார் ஊசி. "இதுல மெஷின் சொன்னதா எழுதியிருக்கிறது எதுவும் கிணத்துல எடுத்தது இல்ல. நான் அதைச் சரிபார்க்கல. அதைப் பத்திச் சொல்ல ஒரு மனுஷர் என்கிட்ட வந்து நின்னப்ப நான் கேக்கல. இந்த ஊர்ல அந்தக் கிணத்தைப் பத்தி உண்மையா எழுதினவர் ஒருத்தர்தான். அவரை நான் எல்லார் முன்னாடியும் பொய்யர்னு சொல்லிச் சிரிக்க வெச்சேன். எனக்கு வெட்கமா இருக்கு."

வக்கீல் ஆட்சேபம் சொல்ல எழுந்தார். அதற்குள் நடு வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கருவிப் பிரிவு விஞ்ஞானி நின்றுகொண்டிருந்தார். கையில் கண்ணாடிக் குழாயில் இருந்த சென்சார், ஒயரோடு. "நான் பேசணும்" என்றார். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

டைரக்டர் ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாலரை மணிக்கு உத்தரவு வந்தது. ஆலையின் மோட்டாருக்குச் சீல். ஒரு வருஷம் பதினேழாம் நம்பர் கிணற்றை நாளும் அளக்க வேண்டும், ஞாயிறு உட்பட. அளக்க வேண்டியவர் இருபத்துநாலு வருஷ அனுபவம் உள்ள பழைய ஊழியரே. விஞ்ஞானி மேல் தனி விசாரணை. வெளியேறும்போது அளவுகாரர் அந்த விஞ்ஞானியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். ஊசியிடம் எதுவும் சொல்லவில்லை. வணக்கம் மட்டும் போட்டார், புதிதாகப் பார்க்கும் ஆளுக்குப் போடுவது போல.

அறை காலியானதும் ஊசி மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'அளவுகாரரின் பதிவுகள் முழுக்க முழுக்கக் கற்பனை' என்று இருந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதினார்: 'அளவுகாரரின் பதிவுகள் சரி. நான் கிணற்றைப் பார்க்கவே இல்லை.' கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

பட்டாசு எட்டிப் பார்த்தாள். "அஞ்சு காப்பி கேட்டிருக்காங்க பாஸ். பழைய வரி நல்லாத் தெரியுது. புதுசா சுத்தமா அடிச்சுக் கொடுத்துடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம். இதையே ஜெராக்ஸ் எடு."

அவள் தாளை வாங்கிக்கொண்டு கதவு வரை போனாள். அவர் கூப்பிட்டார்.

"அந்தப் பழைய வரி எல்லாக் காப்பியிலயும் தெளிவா விழுந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துடும்மா."